பிரவுன் மாத்திரை வாரம்

இன்னிக்கு சாயங்காலம், திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெடிக்கல்.

எனக்கு முன்னாடி நின்ன அக்கா கர்ப்பத்தடை மாத்திரை அட்டையக் காட்டி மெதுவாக் கேட்டாங்க. "கடைசி வாரத்துக்கு பிரவுன் மாத்திர கீது இல்ல, அதப் போட்டுகினு இருக்கும்போது வூட்டுக்காரரோட சேந்துட்டேன். உண்டாயிடுமா?"

கடைக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கே கேக்கற மாதிரி சொன்னார். "அது வெறும் இரும்புச் சத்தும்மா. ஒரு வாரம் புருஷனத் தள்ளி வெக்க முடியாதா?"

பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சானுங்க. நான் அக்கா பக்கத்துல போய் நின்னேன்.

"அக்கா, வெள்ளை மாத்திரைய ஒண்ணுகூட விடாமப் போட்டீங்கல்ல? அப்ப இந்த வாரமும் பயமில்ல. அடுத்த அட்டைய மட்டும் நாள் தள்ளாம ஆரம்பிச்சிடுங்க"ன்னேன். அக்காவுக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

கடைக்காரர் என் கழுத்தப் பாத்தார். "தாலியக் காணோம். உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

நான் வாங்கப் போனதும் அதே அட்டைதான். மாதவிலக்கு ஒழுங்கா வரலன்னு டாக்டர் எழுதிக் குடுத்தது.

தலைவலி மாத்திரை வாங்கிகினு வந்துட்டேன்.

செங்கல்பட்டுப் பக்கம் கழுத்தப் பாக்காம மாத்திரை குடுக்கற கடை இருந்தா சொல்லுங்கப்பா.