கடல் ஒரு பாடமாக வந்த வருஷம்

மயிலிட்டிக்குக் கிட்ட ஒரு கரையோரக் குறிச்சியில் பாலேஸ்வரி இருந்தாள். வீட்டுக் கோடியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். ஆனாலும் அவள் கடற்கரைக்குப் போவதில்லை; மீன் விற்பதுமில்லை, கருவாடு போடுவதுமில்லை. தென்னோலைக் கிடுகு பின்னியும் ஊரவருக்கு மா இடித்துக் கொடுத்தும் தன் ஒரே பிள்ளை அருட்பிரகாசத்தைப் படிப்பித்தாள்.

அவளுடைய புருஷன் தேவராசா, பிள்ளைக்குப் பால்பல் விழுமுன்னமே, வலைக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. கொள்ளி வைக்காத சாவுக்காகக் குங்குமத்தை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதையாவது அவள் அம்மாளாச்சியின் காலடியில் இறக்கி வைத்திருப்பாள். இறக்க முடியாத பாரம் வேறொன்று. அவர் போன அன்று, விளக்கு வைக்கிற மைம்மல் பொழுதில், அடுப்படியில் நின்றவளைக் கடற்பக்கமாக ஒரு குரல் "பாலேசு" என்று கூப்பிட்டது. ஒரே ஒருதரம். அவருடைய குரல்தான். நாக்கு நுனிக்கு வந்த "ஓம்" என்ற சொல்லை அவள் விழுங்கிவிட்டாள். அந்தக் கரையில் பிறந்தவர்கள் எவரும் அப்படித்தான் செய்வார்கள். மனிசர் என்றால் மறுபடியும் கூப்பிடுவார்கள். ஒருதரம் மட்டும் கூப்பிடுவது பேய். அதற்கு வாய் திறந்தால் வீட்டுக்கு ஆகாது. அவள் மறு குரலுக்குக் காத்து நின்றாள். அது வரவில்லை. நான் ஓம் என்று சொல்லியிருந்தால், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கரைக்கு வந்திருப்பாரோ? மா இடிக்கும்போதும் கிடுகு பின்னும்போதும் இந்தக் கேள்வி அவளை விடவில்லை.

பிள்ளையை அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு இருத்த வேண்டும் என்பதே அவளுடைய நேர்த்தி. அப்படியிருக்க, எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் படிப்பை மாற்றியது. அருட்பிரகாசம் ஒருநாள் கையில் வலைத்துண்டோடு வந்து நின்றான்.

"எணை அம்மா, எங்களுக்கு இனி மீன்பிடியும் ஒரு பாடம். தொழில் முன்னிலைப் பாடமாம். சோதினைக்கும் வரும்."

"மீன் பிடிக்கவோடா உன்னைப் பள்ளிக்கூடம் விட்டனான்? அதுக்குச் சேட்டும் காற்சட்டையும் என்னத்துக்கு?"

வேலிக்கு அப்பால் நின்ற மகாதேவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்ல பகிடியடி பாலேசு! எங்கடை சனத்துக்கு மீன் பிடிக்கப் படிப்பிக்கத் தோட்டஞ் செய்யிற கோப்பாயிலையிருந்து மாஸ்டர் வாறாராம். நாங்கள் போய் அவையளுக்கு வெங்காயம் நடப் படிப்பிப்பமோ?"

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்ட விடாமல் வைத்திருந்த கடல், பள்ளிக்கூட வாசலால் சுற்றி வந்து பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டது.

கடலில் செய்கை வகுப்பு என்றதும் அவள் மறித்துவிட்டாள். மீன்பிடி படிப்பிக்க வந்த சோமசேகரம் மாஸ்டரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றபடியே கதைத்தார்.

"தங்கச்சி, உங்கடை மனவருத்தம் எனக்கு விளங்குது. ஆனால் கந்தோர் உத்தியோகம் எங்கடை பிள்ளையளுக்கு இனி எங்கை கிடக்கு? சிங்களமில்லாமல் அங்கை வாசலும் மிதிக்கேலாது. உலகம் இன்ஜினுக்கு மாறிப்போச்சு. ஐஸ் போடுற இடம், இன்ஜின் திருத்துற இடம் எண்டு வேலை வரும். அதுக்குப் பிள்ளையள் ஆயத்தமாக வேணும்."

"கொப்பரைக் கடல் கொண்டுபோனது காணாதோ எண்டு நான் அவனைக் கேக்கிறன். நீங்கள் இன்ஜின் எண்டுறியள்."

"கரையோரமாத்தான் போவம். நானும் கூடப் போறன்."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ மாஸ்டர்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கிணத்துக்கை கொஞ்சம் கை காலடிப்பன்."

பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தப் பாடத்தில் விழுந்தால் சோதினையில் குறையும். படிப்பு குறைந்தால் அவனும் வலைக்குத்தான் போக வேண்டி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலாகவே இருந்தது. "சரி, கடலுக்குப் போட்டு வா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வள்ளம் விடியப் போனது. மத்தியானத்துக்கு முன்னம் திரும்பும் என்றார்கள். பொழுது சாயத் தொடங்கியும் காணவில்லை. பாலேஸ்வரி மா உரலை அப்படியே விட்டுவிட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கடற்கரைக்கு ஓடினாள். கரையொதுங்கிய சாதாளைப் பாசி நாறிக் கிடந்தது. கடல் எண்ணெய் விட்டதுபோல அசையாமல் இருந்தது.

அப்போது கேட்டது.

"பாலேசு."

ஒருதரம். கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு அந்தக் கையை அவளே இழுத்து எடுத்தாள். முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஓம்," என்றாள். "ஓம், நான்தான். கேக்குது. அண்டைக்கும் கேட்டது. பிள்ளையை விட்டிடுங்கோ."

அலைகூட அடிக்கவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கன நேரத்துக்குப் பின் தூரத்தில் இன்ஜின் சத்தம் இருமியது.

முதலில் இறங்கியவர் மாஸ்டர். கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்து முகம் வெளிறியிருந்தார். பிள்ளைகள் கொடுப்புக்குள் சிரித்தார்கள். "இன்ஜின் காத்தாடியிலை சாதாளை சுத்திப்போட்டுது, தங்கச்சி. உங்கடை பெடியன்தான் குதிச்சு வெட்டி எடுத்தவன். நான் வேண்டாம் எண்டு சொல்லுறதுக்குள்ளை குதிச்சிட்டான்."

அருட்பிரகாசம் உடம்பெல்லாம் நனைந்து நின்றான். கண்ணில் அப்படியொரு வெளிச்சம். தலைமயிரைப் பின்னால் தள்ளிவிட்ட விதத்தில், வள்ளத்தை விட்டு இறங்கும் தேவராசாவை அவள் கண்டாள். கடல் பிள்ளையைத் திருப்பித் தந்ததா, இல்லை இனித்தான் எடுக்கப் போகிறதா? அது அம்மாளாச்சிக்குத்தான் வெளிச்சம்.

வீட்டில் அவன் சோறும் தின்னாமல் இன்ஜினைப் பற்றியே கதைத்தான். அவள் பள்ளிக்கூடச் சேட்டைக் கிணற்றடியில் அலசினாள். நல்ல தண்ணீரில் மறுபடியும் மறுபடியும் அலசியும், நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரித்தது.

"அடுத்த கிழமையும் கடலோ?" திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஓமணை. விடுவியளோ?"

அவள் சேட்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். அது கைகளை விரித்துக்கொண்டு கடற்பக்கமாக ஆடியது.

"பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு போ. வெள்ளைச் சேட்டு உது ஒண்டுதான் கிடக்கு."