வேற்றுக்கிரகவாசியின் வலது கை

நான் வசனம் எழுதிய ஒரே தொலைக்காட்சித் தொடரில் நாயகனுக்கு வாய் கிடையாது. அவர் வேற்றுக்கிரகவாசி. காசிமேட்டில் படகு செய்பவர்கள் அவருக்கு ஃபைபரில் தலை செய்து கொடுத்தபோது வாயை மறந்துவிட்டார்கள். இயக்குநரோ, "இதுதான் ஸ்டைல்" என்றார். கடலும் நிலவும் உப்புக்காற்றுமாக நான் உருகி எழுதிய நாற்பது பக்கம் அன்றே அனாதையானது. ஆனாலும் ஒரு படப்பிடிப்பு விடாமல் போனேன். வீட்டில் உட்காரத் தெரியாதவன் நான்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டுதான் எங்கள் கிரகம். உள்ளூர் கேபிளில் ஓடிய அந்தத் தொடரை ராயபுரத்தில் சிலர் இன்னும் கைப்பேசியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். காவியம் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

பச்சை ரெக்சின் உடுப்புக்குள் இருந்தவர் அந்த யார்டின் சிக்னல்மேன். கீழே நின்று, மேலே கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் வழி சொல்கிறவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராக வந்து மண்டையை மாட்டிக்கொள்வார். வாய் திறக்காமல் இருபது டன் பெட்டியை அவர் பூ மாதிரி தரையில் வைக்கச் செய்ததைப் பார்த்துத்தான் இயக்குநர் அவரைப் பிடித்துப்போட்டார்.

கடைசிப் பகுதி வந்தது. விண்கலமும் படகுக்காரர்கள் செய்ததுதான். தண்ணீரில் மிதக்கும் என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். கதைப்படி நாயகனின் கூட்டம் அதில் ஊர் திரும்புகிறது. அது கிரேனில் தொங்கி மேலேற, தனியே விடப்பட்ட நாயகன் இரண்டு கைகளையும் ஆட்டி, போகாதே என்று கதற வேண்டும். வெயில் சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். மறுநாள் கிரேன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

கலம் எழும்பியது. அவர் இரு கைகளையும் ஆட்டினார். கலம் அந்தரத்தில் நின்றது. இறக்கி, மறுபடி எடுத்தோம். மறுபடியும் நின்றது.

கிரேன் ஓட்டுநர் மேலிருந்து கத்தினார். "இன்னா மாமு, பேஜார் பண்ற? ரெண்டு கையும் ஆட்னா உடனே நிறுத்துன்னு தானே அர்த்தம்!"

"நீங்க அவர் கையப் பார்க்காதீங்கண்ணே. நான் மைக்ல சொல்றேன், தூக்கிட்டே இருங்க" என்றார் இயக்குநர்.

கலத்தைத் தரையில் இறக்கவைத்துவிட்டு, நாயகன் மண்டையைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

"அது மட்டும் நடக்காது சார். என் கையப் பார்க்காம தூக்க இன்னிக்குப் பழகிட்டான்னா, நாளைக்குப் பொட்டிக்குக் கீழ ஆளு நிப்பான். நான் கைய ஆட்டிகினு இருப்பேன், இவன் தூக்கிகினு இருப்பான்."

"நடிப்புதானேண்ணே!"

"நான் நடிப்பேன் சார். கொக்கியில தொங்குற லோடு நடிக்குமா?"

"கரீட்டு மாமு!" என்றது மேலிருந்து ஒரு குரல்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒரே குஷி. "பிரிவு என்பது..." என்று ஆரம்பித்தேன்.

"நைனா, நீ கொஞ்சம் கம்முனு இரு" என்று கும்பிட்டார் சிக்னல்மேன். பிறகு கலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அவங்க வூட்டுக்குப் போவணும், அவ்ளோதானே? கத்தி இன்னா ஆவப்போவுது? நானே அனுப்பிவுடறேன்."

மண்டையை மாட்டிக்கொண்டார். வலது கையை உயர்த்தி, சுட்டுவிரலால் வானத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். கிரேன் பாஷையில் 'தூக்கு' என்று அர்த்தம். கலம் எழுந்தது. வட்டம் நிற்கவில்லை, கலமும் நிற்கவில்லை. தானே வழியனுப்பிவிட்டுத் தனியாக நின்றது அந்தப் பச்சை உருவம். கேமராவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் இல்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

"கட்!"

கைதட்டிக்கொண்டே எல்லோரும் டீ கேனுக்கு ஓடினோம். "வாங்கண்ணே, முடிஞ்சிடுச்சு!" என்று இயக்குநர் கூப்பிட்டார்.

அவர் வரவில்லை. மேலே கலம் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. விரலைக் கீழ்நோக்கித் திருப்பி, ஓட்டுநரிடமிருந்து முகத்தைத் திருப்பாமல், அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார். டீயோடு பக்கத்தில் போன என்னை இடது கையை நீட்டி ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கினேன். கலம் மண்ணைத் தொட்டு, கம்பி தொய்ந்த பிறகுதான் கையைக் கீழே போட்டார்.