தங்கச்சியோடு விட்ட மூச்சு

எனக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோல் பறக்கும் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பறந்ததெல்லாம் இல்லை. ஒரே ஒரு தடவை மேசையிலிருந்து தள்ளிவிட்டேன், அது அவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது, அவ்வளவுதான். திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டின தெருவில், வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்க்கா என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்படி ஒருநாள் கத்திக் கொண்டிருக்கும்போதே தலை சுற்றி மெஷின் மேல் சாய்ந்துவிட்டேன். பிரஷர். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், மாத்திரை மட்டும் பத்தாதும்மா, மனசையும் கொஞ்சம் கவனிக்கணும் என்றார்.

அப்படித்தான் மூச்சுப் பயிற்சிக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், விடிகிற நேரத்தில், ஜமுக்காளத்தை விரித்து உட்கார வைப்பார்கள். சொல்லிக்கொடுத்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்கால் மெதுவாக இழுக்க வேண்டும், அதைவிட மெதுவாக விட வேண்டும். விட்ட மூச்சுக்கும் அடுத்து இழுக்கிற மூச்சுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதைக் கவனியுங்கள், அங்கேதான் அமைதி இருக்கிறது என்பார். எனக்கு முதல் மாதம் எந்த இடைவெளியும் தெரியவில்லை. கண்ணை மூடினால் கீழே சமையல்கட்டில் பாத்திரம் உருட்டுகிற சத்தமும், நேற்று யாருக்கோ கைப்பக்கம் இறுக்கமாகத் தைத்துவிட்டேனே என்கிற நினைப்பும்தான் வந்தது. பக்கத்தில் ஒரு அம்மா குறட்டையே விடுவார்.

ஆனாலும் விடாமல் போனேன். போகப் போக உடம்பு பழகிவிட்டது. கோபம் கிளம்பி நெஞ்சுக்கு வரும், வரும்போதே மூச்சு தானாக நீளும், கோபம் அப்படியே அடங்கிவிடும். துணி கொண்டுவருகிறவர்களே சந்தேகமாகப் பார்த்தார்கள். என் தங்கச்சிதான் ரொம்பக் கேலி செய்தாள். அவளை சேவுகம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். தோட்டத்தில் கத்தரிக்காயும் பூவும் போட்டிருந்தார்கள். ஊருக்கு வரும்போது ஒரு பை நிறைய காயோடு வந்து, வாசலில் நின்றுகொண்டே, சாமியாரம்மா இருக்காகளா, தரிசனம் கிடைக்குமா என்று கேட்பாள். எனக்கும் அவளுக்கும் பெரிய வயசு வித்தியாசம் இல்லை. எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. மதுரைக்கு அலைந்து வைத்தியம் பார்த்தார்கள். தலைமுடி கொட்டி, மறுபடி முளைத்து, மறுபடி வலி வந்தது. கடைசியில், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறிப் போவதும் வருவதுமாக இருந்தேன். போய் என்ன செய்வது? கஞ்சி வைக்க அவள் மகள் இருந்தாள், காலேஜில் சேர்ந்த பெண். தூக்கிப் பிடிக்க அவள் வீட்டுக்காரர் இருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சும்மா உட்காருவது என்னைக் கொன்றது.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, இழு என்பேன், இழுப்பாள். விடு என்பேன், விடுவாள். வலி எங்கே இருக்கிறதோ அங்கே மூச்சைக் கொண்டுபோவது மாதிரி நினைத்துக்கொள் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். செத்த நேரத்தில் நெற்றிச் சுருக்கம் விரியும். ஒருநாள் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"நல்லாருக்குக்கா. மாத்திரைக்குக் கேக்காதது இதுக்குக் கேக்குது."

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. தங்கச்சி சாகக் கிடக்கிறாள், அக்காவுக்குச் சந்தோஷம். மறுநாள் மண்டபத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் கண் கலங்கிவிட்டார். பிறகு நான் போகும்போதெல்லாம் அவளே கையை நீட்டுவாள், ஆரம்பிக்கலாமாக்கா என்று. அந்த நேரம் அவள் மகள் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். சின்னப் பெண், பார்க்கத் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் தங்கச்சி என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் போயிட்டா நீ சாமியாராட்டம் உக்காந்திராத. எம் பிள்ளையக் கட்டிப்பிடிச்சு நல்லா அழு. அவளும் உன்ன மாதிரிதான், உள்ளயே வச்சுக்கிருவா." அப்படியெல்லாம் பேசாதே என்று அதட்டினேன். ஆனால் சரி என்றும் சொன்னேன்.

கடைசி வாரம் நான் அங்கேயே தங்கிவிட்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தோட்டத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. மகள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தங்கச்சிக்கு மூச்சு தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கையைப் பிடித்தேன். இழு, விடு என்று சொல்லச் சொல்ல, என்னுடைய குரலோடு சேர்ந்து அது ஒழுங்குக்கு வந்தது. இல்லை, அவளுடைய மூச்சுக்குத் தகுந்தபடி நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேனோ என்னவோ. விடு என்றேன். விட்டாள். நீளமாக, நிதானமாக, மண்டபத்தில் எங்கள் யாருக்கும் வராத மாதிரி விட்டாள். இழு என்றேன். இழு தாயி என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. கால்மாட்டிலிருந்து அந்தப் பெண் சொன்னாள்.

"பெரியம்மா, போதும்."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்க வருகிற பெண்கள் தெருமுனையிலேயே அழுகையை ஆரம்பித்துவிடுவார்கள். சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் எழுந்து எதிரே போய், வந்தவர்களின் தோளைப் பிடித்து, தலையோடு தலை சேர்த்து, வட்டமாக உட்கார்ந்து அழ வேண்டும். இப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும். செத்தவளின் கூடப்பிறந்த அக்கா நான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்து அவள் உடம்பின் மேல் போட்டவள். முதல் ஆளாக எழுந்து போக வேண்டியவள் நான்தான். போனேன். தோளைப் பிடித்தேன். அழுகை நெஞ்சில் திரண்டு மேலே வந்தது. வந்ததும், இத்தனை நாள் பழகின உடம்பு அதன் வேலையைப் பார்த்துவிட்டது. மூச்சு நீண்டது. கோபத்தை அடக்கின மாதிரியே அழுகையையும் அடக்கிவிட்டது. நான் வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே கத்துகிறேன், என் மூக்கு மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிறது. உலர்ந்த கண்ணோடு வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மூச்சுப் படிப்பெல்லாம் படிச்சு மனசக் கல்லாக்கிக்கிட்டா போல என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச்சியைத் தூக்குகிற நேரம் அவள் மகள் கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டு வந்தாள். என்னைத்தான் தேடியிருக்கிறாள். வந்து என் கையைப் பிடித்தாள், அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளைக் கட்டிக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்ததோ, மூச்ச மெதுவா விடு தாயி என்பது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். அவள் அத்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு என்னால் பயிற்சிக்கு உட்கார முடியவில்லை. கண்ணை மூடி ஒரு மூச்சை விட்டால் போதும், அந்த இடைவெளி வந்துவிடும். அமைதி இருக்கிறது என்று பயிற்சிக்காரர் சொன்ன அதே இடம். அங்கே என் தங்கச்சி இழுக்காமல் கிடப்பாள். பதறிப்போய் வாயால் மூச்சை வாரி இழுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். மண்டபத்துக்குப் போவதை நிறுத்தினேன். பழைய கோபமெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரோடு சண்டை, காய்கறி வண்டிக்காரரோடு சண்டை. அழுகை மட்டும் வரவில்லை.

தங்கச்சி மகள் திண்டுக்கல்லில் இருந்த காலேஜுக்குத் தினமும் அவ்வளவு தூரம் வந்துபோக முடியாமல் எங்கள் வீட்டில் தங்க வந்தாள். அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். சாப்டியா என்றால் சாப்ட்டேன், காலேஜ் எப்படி என்றால் நல்லாருக்கு. அம்மாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் பெரியப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பாள், சிரிக்கக்கூடச் செய்வாள். நான் வந்து உட்கார்ந்தால் செத்த நேரத்தில் எழுந்துவிடுவாள். அவளைக் குறை சொல்லி என்ன? கட்டிப்பிடித்து அழுகிறேன் என்று அவள் அம்மாவிடம் ஒத்துக்கொண்டது நான். மாசங்கள் போய்க்கொண்டிருந்தன. இனிமேல் எந்த முகத்தோடு போய்க் கட்டிப்பிடிப்பது?

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அழாவிட்டாலும் என் கையால் அவளுக்கு ஒன்று செய்தேன் என்பதுதான். மாத்திரைக்குக் கேட்காத வலி எனக்குக் கேட்டது. ராத்திரி படுத்தால் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மண்டபத்துக்காரர்கள் ஆண்டுவிழா என்று சொல்லி அனுப்பினார்கள். வந்து, தங்கச்சிக்கு மூச்சுப் பயிற்சி எப்படி வலியைக் குறைத்தது என்று நாலு வார்த்தை பேச வேண்டுமாம். முதலில் மாட்டேன் என்றேன். பிறகு, அவளைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகக் கேட்கட்டுமே என்று தோன்றியது. அன்று காலையில் கடை மேசையில் துணியை அளந்துகொண்டே, என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் காலேஜுக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நீயும் வாரியா, உங்கம்மாவுக்கு அது எப்படிக் கேட்டுச்சுன்னுதான் பேசப்போறேன் என்றேன்.

மாட்டின செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அதச் சொல்லாதீங்க பெரியம்மா."

ஏன் என்று கேட்டேன். வேண்டாம், அவ்வளவுதான் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் அழவில்லை என்பதற்காக நான் செய்ததும் இல்லாமல் போய்விடுமா, எத்தனை பஸ் ஏறி எத்தனை தடவை வந்தேன், உன் அம்மாவே சொன்னாளே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தி முடிக்கிற வரைக்கும் நின்றாள். அப்புறம் அவளும் அழவில்லை, கத்தவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாவுக்குக் கேக்கவே இல்ல பெரியம்மா. நீங்க இருக்கற வரைக்கும்தான் அந்த மூச்சு. நீங்க பஸ்ஸுக்குப் போனதும் தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கும். நான் சொல்லிருவேன்னு சத்தியம் வாங்கிக்கிருச்சு. அக்கா பாவம்டி, சும்மா உக்காந்திருக்க அவளால முடியாது, அவ மனசுக்காகச் செய்றேன்னு சொன்னுச்சு. கையப் பிடிச்சுக்கிட்டு இருக்காள்ல, அது போதும்னு சொன்னுச்சு."

என் கையில் அளவு நாடா இருந்தது. அதைச் சுற்றி வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கு வலித்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து இழு, விடு என்று பெரிய வித்தை காட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வலித்திருக்கிறது. நெற்றியை விரித்துக்கொண்டு, எனக்காகச் சிரித்திருக்கிறாள். மன உறுதி மன உறுதி என்று நான் எந்த ஜமுக்காளத்தில் போய்த் தேடினேன்? அதில் எனக்குப் பங்கே இல்லை. அவ்வளவும் அவளுடையது.

நெஞ்சில் திரண்டு மேலே வந்தது. மூச்சு நீளவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் குரல்தான் என்று எனக்கே தெரியவில்லை. மெஷினுக்கும் மேசைக்கும் நடுவில், வெட்டின துணிகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். அவள் தலை என் தலையில் முட்டியது. இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு, கேதத்தில் அழுகிறது போல, வாய்விட்டு அழுதோம். விடிந்து நல்ல வெளிச்சம். தெருவில் ஸ்கூல் வேன்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு வெட்கம் எதுவும் தோன்றவில்லை.

லூசான சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா வாசலில் நின்றார். முன்னே பின்னே பார்த்தவர் இல்லை. பயந்துபோய், என்னம்மா, யாருக்கு என்னாச்சு என்று கேட்டார்.

"எந் தங்கச்சி செத்துப்போயிட்டா" என்றேன்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை. துணிப்பையை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.