இரண்டு தசமத்தில் நின்ற கால்குலேட்டர்

மார்கழி முதல் சனிக்கிழமை, கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே சிதம்பரம் போய் நிதி மேலாண்மைத் தேர்வு எழுதினேன். ஏற்கெனவே இருமுறை தவறிய தாள். பத்து சதவீத ஆண்டு வட்டியை, அதாவது 0.10-ஐ, பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்தால் கால்குலேட்டர் 0.01 என்றது. எந்தக் கணக்கும் கொடுத்திருந்த விடைகளோடு ஒத்துவரவில்லை. வெகுநேரம் கழித்தே, தசம இடங்களுக்கான பொத்தான் இரண்டில் நிற்பதைக் கவனித்தேன். நகர்த்தியதும் 0.00833 வந்தது. எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். கடைசிக் கணக்குக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

முந்தின வாரம் என் கால்குலேட்டரை இரவல் வாங்கிப் போயிருந்த, பண்ருட்டியில் முந்திரிக் கடை வைத்திருக்கும் மச்சானைக் கேட்டேன்.

"பில்லு போட நான்தான் மாத்துனேன் மாமா. பைசாவுக்கு மேல எதுக்கு அத்தினி நம்பரு?"

சண்டை போடத் தெம்பில்லை. தாள் எப்படியோ தேறியது. இப்போதெல்லாம் தேர்வறையில் உட்கார்ந்ததும் ஒன்றை மூன்றால் வகுக்கிறேன். திரை முழுக்க மூன்றுகள் நிறைந்த பிறகே வினாத்தாளைத் திறக்கிறேன்.