சூளகிரியில் நனைந்த பெட்டி

காலை ஆறரை. கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் முழுக்க மாம்பழ வாசம். ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர், எட்டு ரூபாய் டிக்கெட். 1994இல் அந்தச் சாலையில் எத்தனை குழி என்று என் மடியைக் கேட்டால் சொல்லும். மடியில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் இரண்டு ஏரோஜெல் கட்டிகள்.

ஏரோஜெல் என்றால் ஈரத்தை எடுத்துவிட்டுக் காற்றை நிரப்பிய ஜெல். சூட்டை எளிதில் கடத்தாது. ஆனால் அப்பளம் போல் நொறுங்கும், தண்ணீர் பட்டால் சுருங்கி வெடிக்கும். சேலத்தில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக அதில் பிளாஸ்டிக்கைக் கலந்து உறுதியாக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டி பழைய வகை, ஒப்பிட்டுக் காட்ட. மற்றது கலப்பு வகை. ஓசூர் மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலை ஒன்று இதை நீராவிக் குழாய்க்கு உறையாக ஏற்றால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார்.

சூளகிரியில் ரோஜாக் கூடையோடு ஓர் அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். டீக்கு வண்டி நின்றது. "ரொம்ப மெல்லிசும்மா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

திரும்பி வந்தபோது பெட்டிமேல் ஈரச் சாக்கு. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெயிலு ஏறுது சார். மெல்லிசுன்னீங்களே, வாடிப் பூடும்னு நாலு கை தண்ணி தெளிச்சேன்" என்றார், ரோஜாவுக்குச் செய்வது போலவே.

சாக்கை விலக்கிப் பெட்டியைத் திறந்தேன். பழைய கட்டி உப்புத்தூளாகக் கிடந்தது. கலப்புக் கட்டிமேல் மட்டும், சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல நீர் முத்து முத்தாக நின்றது. பக்கத்தில் ஒரு ரோஜா இதழ்.

"கெட்டுப் பூடுச்சா சார்?" அம்மாளின் முகம் வெளிறியது.

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. உள்ளே நீர் புகுந்திருந்தால் சூட்டில் பிளந்துவிடும். ஓசூரில் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தொழிற்சாலையில் என்ஜினீயர் கையை விரித்தார். "நனைஞ்ச சாம்பிளைச் சூட்டுல வெச்சா வெடிக்குங்க சார். அப்பறம் என் தலைதான் உருளும்."

கெஞ்சினேன். கலப்புக் கட்டியை ஹாட் பிளேட்டில் வைத்துவிட்டு அவர் தள்ளி நின்றார். என்ன தோன்றியதோ, அந்த இதழை எடுத்துக் கட்டியின்மேல் போட்டேன்.

கால் மணி நேரம் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடியில் தட்டு, சொட்டு விழுந்தால் சீறும் சூடு. கட்டி பிளக்கவில்லை. என்ஜினீயர் கிட்டே வந்து இதழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாடவே இல்லீங்களே சார்! குழாய்க்கு எப்போ தருவீங்க?"

மாலைப் பேருந்து சூளகிரியைத் தாண்டும்போது அந்த அம்மாளைத் தேடினேன், காணவில்லை. 'வாடலம்மா' என்று சொல்ல வாய் துடித்தது. சேலத்தில் அந்தக் கட்டியைக் கண்ணாடி ஜாடிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். மூன்று வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.