குத்து நின்ற பின்னேரம்

என் அக்கா தெய்வமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் பெரியகல்லாற்றில் ஓர் ஆள் கிடையாது. நானும் சொல்லப்போவதில்லை. வாவி மீனை வாங்கிக் காயவைத்துக் கருவாடாக விற்பவள் அவள். வாங்க வந்தவர்கள் கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டால் போச்சு, "மூக்க அறுத்துப்போடுவன்" என்று வீதி வரைக்கும் துரத்துவாள். ஆனாலும் சனம் அவளிடம்தான் போகும். அவளுடைய கருவாட்டில் ஒரு மணல் கடிபடாது.

அம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாக எழுதிக்கொடுத்தார். அதனால் எனக்கும் அவளுக்கும் நடுவே வெறும் தென்னோலைக் கிடுகுவேலிதான். பதினொரு வருடமாக அந்த வேலிக்கு மேலால் அவள் என்னை ஏசாத நாள் இல்லை. என் கோழி அந்தப் பக்கம் போனால் ஏச்சு. கிணறு என் பங்கில் விழுந்ததற்கு ஏச்சு. நான் மட்டும் சும்மா இருப்பேனா? ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். ஊரார் இதைக் கிணற்றுச் சண்டை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினொரு வருடத்துக்கு முன்புதான் அவளுடைய ஒரே மகன் ஜதுர்சன் இறந்தான். ஒன்பது வயது. வயிற்றுக்குத்து வந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். வயிற்றுக்குள் விஷம் பரவிவிட்டது என்று சனம் கதைத்தது. என்ன நோய் என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு என்னுடன் கதைப்பதை நிறுத்தி ஏசத் தொடங்கியவளிடம் எப்படிக் கேட்பது?

போன மாசியில் என் மகள் விதுர்ஷாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. முதலில் தொப்புளைச் சுற்றி நொந்தது. சோற்றைத் தள்ளிவிட்டாள், இரண்டு தரம் சத்தி எடுத்தாள். மறுநாள் குத்து வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. காய்ச்சலில் உடம்பு காய்ந்தது. நிமிர முடியாமல் கூனிக்கூனி நடந்தாள். வயிறு அழுக்காகிவிட்டது, கழுவிவிட்டால் சரி என்று ஆமணக்கெண்ணெயைக் கோப்பியில் கலந்து மூக்கைப் பிடித்துப் பருக்கினேன். பின்னேரம் குத்துச் சட்டென்று நின்றது. அப்பாடா! கத்தாரில் இருக்கும் கணவருக்குப் போன் எடுத்துக் கத்திச் சொன்னேன்: "குத்து நிண்டிட்டு. எண்ணெய் குடுத்தன். நீங்க பயப்படாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, கிடுகைப் பிய்த்துக்கொண்டு அக்கா என் முற்றத்தில் வந்து நின்றாள்.

"நிண்டிட்டெண்டாடி சந்தோசப்படுறாய், மூதேவி! ஓட்டோவக் கூப்பிடு!"

"உனக்கென்ன எங்கட வீட்டில அலுவல்?" என்றேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. அவள் உள்ளே போய்ப் பிள்ளையின் வயிற்றில் கை வைத்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். பலகைபோல விறைத்திருந்தது. உடனே ஓட்டோவுக்குப் போன் எடுத்தேன். அக்கா பிள்ளையை இரு கையாலும் அள்ளிக்கொண்டு வீதிக்கு ஓடினாள். ஓட்டோவுக்குள் வழிநெடுக எனக்கு ஏச்சு. பிள்ளை தண்ணீர் கேட்டபோது நான் நீட்டிய போத்தலைத் தட்டிவிட்டாள்.

"ஒப்பரேசன் செய்யப்போற புள்ளைக்கு ஒண்டும் குடுக்கப்புடாது. அதுவும் தெரியாதா உனக்கு?"

அன்றைக்கே ஒப்பரேசன் நடந்தது. முடிந்ததும் டொக்டர் சஹ்லா என்னை இருத்திவைத்துச் சொன்னார்.

"பெருங்குடல் தொடங்கிற இடத்தில விரல் மாதிரிச் சின்ன வால் ஒண்டு இருக்கு. அது அடைச்சு வீங்கினா வெட்டி எடுக்கணும். முதல் நாளே வந்திருந்தா லேசான ஒப்பரேசன். இது வெடிச்சிட்டு. வயித்தக் கழுவி, சீழ் வடியக் குழாய் போட்டிருக்கம். நாளைக்கு வந்திருந்தீங்கெண்டா புள்ளையப் பாத்திருக்க மாட்டீங்க."

"குத்து நிண்டிட்டே, டொக்டர்?"

"வெடிச்ச உடன கொஞ்ச நேரம் குத்துக் குறையும். அதிலதான் சனம் ஏமாறுது. வயித்தால போக ஏதும் குடுத்தீங்களா?"

"ஆமணக்கெண்ணெய்."

"இந்த வருத்தத்துக்கு அதக் குடுக்கவே கூடாதும்மா. குடல் முறுக்கி, கெதியா வெடிக்கப் பாக்கும்."

ஜதுர்சனுக்கும் இரண்டாம் நாள் குத்து நின்றது. அவனுக்கும் எண்ணெய் பருக்கியது நான்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட அக்காவை வாசல் படலையில் மறித்து, நின்றுவிட்டதுதானே என்று திருப்பிக் கூட்டிவந்ததும் நான்தான்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி விதுர்ஷாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு அக்காவின் முற்றத்துக்குப் போனேன். அவள் காயவைத்த மீனைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, எண்ணெயாலதான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"ஜதுர்சன் போன அண்டைக்கே டொக்டர் சொன்னார்."

"பதினொரு வருசம்! கோழி, கிணறு எண்டெல்லாம் ஏசினீங்களே. இத ஏன் ஒரு சொல்லு சொல்லல்ல?"

அக்கா நிமிர்ந்து என் முகத்தை நேரே பார்த்தாள்.

"சொன்னா நீ அழுவாய். காலில விழுவாய். தங்கச்சிதானே, தெரியாமச் செஞ்சிட்டாள், மன்னிச்சிடு எண்டு ஊரே வந்து நிக்கும். மன்னிக்க எனக்கு விருப்பமில்ல, கேதீஸ். இப்பயும் இல்ல. புள்ளைக்கு மருந்து நேரமாகுது. போ."