ஒரு தடவை அழுத குழந்தை

என் அக்காவுக்குக் கணக்கெடுப்பு வேலை. நாடு முன்னேறுகிறதா என்று அளக்க மேலிடத்தில் சில குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பது அதில் ஒன்று. அதற்காக டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள். அலுவலகச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அந்த எண்ணிக்கையின் கோடு வருடா வருடம் இறங்குகிறது. அதைப் பார்த்துப் பூரித்துப்போகும் பெரிய அதிகாரி இதுவரை ஒரு வீட்டு வாசற்படியும் மிதித்ததில்லை.

பெற்ற பிள்ளைகளைக் கேட்டு முடித்ததும் இன்னொன்றும் கேட்க வேண்டும். "பிறந்து ஒரு தடவையாவது அழுது, அப்புறம் தவறிப்போன குழந்தை உண்டா?" அழுதிருந்தால்தான் பிறந்த குழந்தை, கணக்கில் வரும். இல்லாவிட்டால் வராது.

அக்காவின் முதல் குழந்தை அழுதது. ஒரே ஒரு தடவை. "செத்துத்தான் பொறந்துச்சு, விடு" என்று அவள் மாமியார் முடித்துவிட்டார். அத்தானும் வாயே திறக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் அந்தக் கேள்வியைப் படித்தாலும் உள்ளறையிலிருந்து அந்த அழுகை அவளுக்குக் கேட்கும். வெடுக்கென்று திரும்பிப் பார்ப்பாள். தையல் மெஷின் இருக்கும், அழுக்குத் துணி இருக்கும். பயந்து செத்தாள், பாவம். யாரிடம் போய்ச் சொல்வாள்?

இந்த முறை, கணக்கெடுக்க வேண்டிய வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் அவள் வீடே விழுந்தது. சொந்த வீட்டைத் தானே எடுக்கக்கூடாது என்பதால் கூட வேலை பார்க்கும் பெண் வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டு பசங்க. ரெண்டும் நல்லாருக்கு" என்று மாமியார் முந்திக்கொண்டார்.

"அக்காதாம்மா சொல்லணும்" என்று அந்தப் பெண் அழுத குழந்தையைப் பற்றிய கேள்வியைப் படித்தாள்.

இல்லை என்று சொன்னால் வீட்டில் சண்டை வராது. ஆனால் அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

"அழுதுச்சு. நான் கேட்டேன்" என்றாள் அக்கா.

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"பேரு என்னக்கா?"

"வைக்கலை."

சமையலறை வாசலில் நின்ற அத்தான் மெதுவாக ஒரு பெண் பெயரைச் சொன்னார். அக்கா அதை அவர் வாயால் கேட்டதே இல்லை.

"நான் மனசுக்குள்ள அப்படித்தான் கூப்பிடுறேன்" என்றார்.

அந்தப் பெண் பதிந்துகொண்டாள். அடுத்த கேள்வியைப் பெயர் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், விதி அப்படி. அந்தப் பெயரைச் சொல்லி, "இப்ப உயிரோட இருக்காளா?" என்று கேட்டாள்.